புது டயர் போட்ட மறுநாளே ஸ்டீயரிங் உதறுகிறது: ரிம் வளைந்ததற்கு யார் பணம் தர வேண்டும்?

சத்துவாச்சாரிக்காரன் கேட்டது:

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஒரு டயர் கடையில் என் காருக்கு இரண்டு புது டயர்கள் போட்டு, பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்துகொண்டேன். மறுநாள் பெங்களூர் சாலையில் பள்ளிகொண்டா பக்கம் போகையில், வேகம் 80 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. 60-க்குக் கீழே வந்தால் உதறல் இல்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். முன் இடது சக்கரத்தைக் கழற்றி மெஷினில் சுற்றிக் காட்டிவிட்டு, அலாய் ரிம் (டயரைத் தாங்கும் அலுமினியக் கலவைச் சக்கரம்) வளைந்திருக்கிறது, இது பள்ளத்தில் விழுந்த அடி, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கைக்குப் போகும்வரை ஒழுங்காக ஓடிய கார், கையைவிட்டு வந்ததும் உதறினால் நான் யாரைச் சந்தேகிப்பது? புது ரிம் 9,400 ரூபாய் என்கிறார்கள். கடைக்காரர் தர வேண்டாமா? இன்சூரன்ஸில் கேட்கலாமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டயர் மாற்றுவதற்குப் பத்து நாள் முன்பு என் மைத்துனர் இந்தக் காரை எடுத்துக்கொண்டு கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை போய் வந்தார். எதுவும் நடந்ததாக அவர் சொல்லவில்லை.

காட்பாடி பட்டறை எழுதியது:

ஐயா, யார் மீது தவறு என்பதை ரிம்மே சொல்லும். சண்டைக்குப் போகும் முன் அதைப் பாருங்கள். டயர் கழற்றும் மெஷினால் சேதம் வந்தால் அது பெரும்பாலும் வெளிப்பக்க விளிம்பில், பளபளவென்ற புதுக் கீறலாகவோ சிறு கொத்தாகவோ இருக்கும். பள்ளத்தின் அடி அப்படி இராது. டயர் நசுங்கி, ரிம்மின் விளிம்பு சாலையின் முனையில் நேராக மோதுவதால், சுத்தியலால் தட்டியதுபோல ஓர் இடம் மட்டும் தட்டையாகும். அது அநேகமாக உள்பக்க விளிம்பில், அதாவது கார் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கும். அந்த இடத்தில் பிரேக் தூள் கருப்பாகப் படிந்திருந்தால் அது நேற்று விழுந்த அடி அல்ல.

வீட்டிலேயே சோதிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு முன் இடது பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ரிம் விளிம்புக்கு நூலளவு தள்ளி ஒரு கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், வளைந்த இடம் வரும்போது இடைவெளி கூடிக் குறைவது தெரியும்.

இன்னொரு கேள்வி. புது டயர் போட்ட ரிம்கள் முன்பு எந்தப் பக்கம் இருந்தன? பேலன்சிங்குக்காக ரிம்மில் ஈயம் எத்தனை கிராம் ஒட்டியிருக்கிறார்கள்? ஈயம் எடையைத்தான் சரிசெய்யும், வளைவை நிமிர்த்தாது.

ஆற்காட்டிலிருந்து ஒருவர் எழுதியது:

இன்சூரன்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். பள்ளத்தில் விழுந்து ரிம் கெடுவதை வழக்கமான முழுக் காப்பீட்டில் விபத்தாகக் கேட்கலாம். டயர் மட்டும் கெட்டால் தரமாட்டார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கார் நான்கு ஆண்டைத் தாண்டி ஐந்தை எட்டாதது என்றும், தேய்மானம் பிடிக்காத கூடுதல் பாலிசி இல்லை என்றும் வைத்துக்கொண்டால், உலோகப் பாகத்துக்கு 35 சதவீதம் கழிப்பார்கள். 9,400-இல் மிஞ்சுவது 6,110. அதில் 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது எந்தக் கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 போனால் கையில் வருவது 5,110.

இதுவரை கிளெய்ம் இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தலில் உங்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி வரும். இப்போது கேட்டால் அது பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 6,000 ரூபாய் என்றால், ஐந்து ஆண்டில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 7,500. ஐயாயிரத்துக்காக ஏழாயிரத்து ஐந்நூறை இழப்பதா?

சத்துவாச்சாரிக்காரன் எழுதியது:

காட்பாடி ஐயா சொன்னபடி இன்று காலை தூக்கிப் பார்த்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன். உள்விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக இருக்கிறது, அதன் மேல் கருப்புத் தூள் படிந்திருக்கிறது. வெளி விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்த பழைய டயர்களை உருட்டிப் பார்த்தால், ஒன்றின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருக்கிறது.

பின்னால் தேய்ந்திருந்த இரண்டு டயர்களைத்தான் மாற்றினேன். புதியவற்றை முன்னால் போடுங்கள் என்று நானே சொன்னதால், பின் சக்கரங்கள் இரண்டும் ரிம்மோடு முன்னால் வந்துவிட்டன. பின்னால் இருந்தவரை சீட்டுக்கடியில் லேசாக அதிர்ந்ததைச் சாலை மோசம் என்று நினைத்திருக்கிறேன். அந்தப் பத்து நாளில் பெட்ரோல் பங்கில் பின் இடது சக்கரத்தில் மட்டும் 33 இருக்க வேண்டிய காற்று 25-ஆக இறங்கியிருந்ததும் இப்போதுதான் உறைக்கிறது. மைத்துனரைத் தொலைபேசியில் கேட்டேன். போளூருக்கு முன்னால் இருட்டில் 'டமால்' என்று ஒரு சத்தம் கேட்டது, இறங்கிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை என்றார்.

இந்தச் சக்கரத்தின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஈயம் மட்டும் 95 கிராம். மற்றதில் 15.

வாலாஜா வழக்கறிஞர் எழுதியது:

அந்த 95 கிராம்தான் கடைக்காரரின் பொறுப்பு. வளைத்தது அவர் இல்லை. ஆனால் மெஷினில் சுற்றும்போதே ஆட்டம் தெரிந்திருக்கும், அதைச் சொல்லாமல் ஈயத்தை அடுக்கிப் பேலன்சிங்குக்குப் பணம் வாங்கியது சேவைக் குறைபாடு. முதலில் பில்லோடு போய் நயமாகக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல் போனால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. ஆனால் ரிம்மின் விலையை அவர் தலையில் கட்ட முடியாது.

மைத்துனர் விஷயத்தில், ஒருவர் பொருளை நம்பி வாங்கிச் செல்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. அந்த அளவு கவனம் எடுத்தும் சேதம் வந்தால் அவர் பொறுப்பில்லை என்பது 152. இருட்டில், சாலையில் தெரியாத பள்ளத்தில் இறங்கியதைக் கவனக்குறைவு என்று நிறுவுவது கடினம். நிறுவினாலும் அடுத்த பொங்கலுக்கு மாமனார் வீட்டில் சாப்பிட வேண்டியவர் நீங்கள்தானே.

காட்பாடி பட்டறை எழுதியது:

புது ரிம் வாங்க அவசரப்படாதீர்கள். டயரைக் கழற்றி, வளைந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆரக்காலில் மயிரளவு விரிசல் இருந்தாலும் வெல்டிங் வைத்து ஓட்டக்கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். உள்விளிம்பு மட்டும் வளைந்து விரிசல் இல்லையென்றால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். கேஸ் விளக்கை வைத்துக் கண்டபடி சூடுபண்ணிச் சுத்தியலால் அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்தச் சூட்டில் அலுமினியத்துக்கு ஏற்றியிருக்கும் உறுதி போய்விடும். நிமிர்த்தியதைப் பின்னால் போடுங்கள்.

சத்துவாச்சாரிக்காரன் எழுதியது:

கடைக்காரர் முதலில் முறைத்தார். ஈயத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. கழற்றுவது, மாட்டுவது, மறுபடி பேலன்சிங் ஆகிய மூன்றையும் பணம் வாங்காமல் செய்து தந்தார். விரிசல் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்த 1,800 ரூபாய் ஆயிற்று. அதை நான்தான் கொடுத்தேன். மைத்துனரிடம் நான் வாயே திறக்கவில்லை, என் மனைவி திறந்துவிட்டார் போலும்: நேற்று இரவு 900 ரூபாய் வந்து சேர்ந்தது.

இப்போது அந்தச் சக்கரத்தில் ஈயம் 20 கிராம். பின் இடது பக்கம் போட்டிருக்கிறேன். காற்று கசிகிறதா என்று சோப்பு நீர் ஊற்றிப் பார்த்ததில் குமிழி இல்லை, 90 வரை ஓட்டியும் ஸ்டீயரிங்கும் சீட்டும் அசையவில்லை.