யாழ்ப்பாணத்தில் 40 கிலோவாற் சேர்வர் அறை: ஈரக் கூலரா, நீர்க்குழாயா, ஏசியா? (நாவற்குழி, கொக்குவில், திண்ணைவேலி ஆக்கள் மூன்று பேரின்ர வாதம்)

நாவற்குழி:
4 றாக் (சேர்வர் அடுக்குற சட்டம்), றாக் ஒண்டுக்கு 10 கிலோவாற். இதுக்கு ஏன் கொம்பிரசர் ஓடுற ஏசி? ஈரப்பட்டைக் கூலர் போட்டால் விசிறிக்கும் சின்னப் பம்புக்கும் மட்டும்தான் கரண்ட்.

கொக்குவில்:
அண்ணை, அது வறண்ட வெயிலுக்குச் சரி. இங்க 33 பாகை, ஈரப்பதன் 70 வீதம் எண்டால் ஈரக்குமிழ் வெப்பநிலை (தண்ணி ஆவியாகிக் காற்றைக் குளிர்த்தக்கூடிய அடிமட்டம்) 28ஐத் தாண்டும். 85 வீதம் வினைத்திறனான பட்டையும் 29 பாகைக் காற்றுத்தான் தரும், அதுவும் ஈரப்பதன் 90 வீதத்துக்கு மேல. ஆஷ்ரே எண்ட குளிரூட்டல் பொறியியலாளர் சங்கத்தின்ர ஏ2 வகுப்புச் சேர்வருக்கு ஈரப்பதன் 80 வீதம்தான் எல்லை. உப்புக்காற்றும் சேர்ந்தால் போர்டில செம்பும் வெள்ளியும் அரிக்கும்.

நாவற்குழி:
அப்ப கூலிங் ரவர், வெளியில தண்ணியை ஆவியாக்கிக் குளிர்த்துற கோபுரம். 32 பாகைத் தண்ணி கிடைக்குமே, உள்ளே வெளிக்காற்றும் வராது.

கொக்குவில்:
40 கிலோவாற் வெப்பத்தை ஆவியாக்க மணிக்கு 59 லீற்றர். மிஞ்சின தண்ணியில உப்பு மூன்று மடங்கு செறியேக்க கழிவா விட்டால், அதையும் சேர்த்து 89. ஒரு நாளைக்கு 2,100 லீற்றருக்கு மேல. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள மழை விட்ட தண்ணிதான் எங்களுக்கு இருக்கு. அளவுக்கு மிஞ்சி இறைச்சால் கிணறு உவராகும். அந்தத் தண்ணியின்ர கல்சியம் குழாயிலயும் ரவருக்குள்ள தண்ணி பரவி வழியிற நிரப்பியிலயும் படிஞ்சு ஓட்டத்தை அடைக்கும்.
என்ர கருத்து: மூடிய சுற்று, சிப்பில தண்ணி ஓடுற குளிர்தட்டு, வெளியில உலர் கூலர் (தண்ணியை ஆவியாக்காமல் விசிறிக்காற்றால ஆத்துறது). 35 பாகைக் காற்றோட 6 பாகை வித்தியாசம் விட்டால் 41 பாகைத் தண்ணி. சூரிச்சில 2010இல் அக்குவாசார் எண்ட சுப்பர்கொம்பியூட்டர் 60 பாகைத் தண்ணியிலயே ஓடினது.

திண்ணைவேலி:
தம்பி, குளிர்தட்டு எடுக்கிறது ஏறக்குறைய முக்கால் பங்கு. மெமரி, பவர் சப்ளை, டிஸ்க் எல்லாத்தின்ர வெப்பமாயும் 10 கிலோவாற் காற்றில மிச்சம், அதுக்கு ஏசி வேணும்தானே. அலுமினியமும் செம்பும் ஒரே சுற்றில கலந்தால் அரிப்பு. குழாயைக் கழற்றிப் பூட்டுற விரைவு இணைப்பி ஒண்டு கசிந்தால் மாற்றுப் பொருள் வரும்வரை றாக் நிற்கும்.
10 கிலோவாற் றாக்குக்குக் காற்றுப் போதும். சேர்வருக்குள்ள போற காற்றுக்கும் வாற காற்றுக்கும் 12 பாகை வித்தியாசத்தில மொத்தம் மணிக்கு ஏறத்தாழ 10,000 கன மீற்றர். வெற்று இடங்களுக்கு மூடித்தகடு போடுங்கோ, கேபிள் துளைகளை அடையுங்கோ, சூடான பக்கத்துக்குக் கூரை வரை தடுப்புக் கட்டுங்கோ. பேந்து ஏசியின்ர செற்பொயிண்டை (வைக்கிற வெப்பநிலையை) 18இல இருந்து 25க்கு ஏற்றுங்கோ. சூடான காற்றும் குளிர்காற்றும் கலக்கிறது நிற்காமல் ஏற்றினால் மேல்தட்டுச் சேர்வர்தான் முதலில சூடாகும். அதால றாக்கின்ர மேல், நடு, கீழ் மூன்றிலயும் உணரி வைச்சுப் பார்க்கவேணும்.

கொக்குவில்:
தடுப்பு வேணும், மறுக்கேல்ல. கரண்ட் போனால்? ஜெனரேற்றர் பிடிச்சாலும் கொம்பிரசர் மூன்று நிமிசம் கழிச்சுத்தான் தொடங்கும். எனக்குப் பம்ப் மட்டும் யூபிஎஸ்ஸில. 500 லீற்றர் தொட்டி இருந்தால் குளிர்தட்டு எடுக்கிற 30 கிலோவாற்றுக்கு 10 பாகை ஏற 11 நிமிசத்துக்கு மேல எடுக்கும்.

திண்ணைவேலி:
அந்தத் தொட்டி நல்ல வாதம். ஆனால் உங்கட உலர் கூலரின்ர அலுமினியத் துடுப்பு உப்புக்காற்றில எவ்வளவு காலம் நிற்கும்?

கொக்குவில்:
எபொக்சி பூசினது எடுத்து, மாதாமாதம் நன்னீரால கழுவவேணும். உங்கட ஏசி வெளிப்பெட்டிக்கும் அதே துடுப்புத்தான், அதே உப்புத்தான்.