ஹெய்ட்டிக்கு வெளிநாட்டுப் பொலிஸ் போயும் கும்பல்களை அடக்க முடியாமல் போனது ஏன்?

வந்தாறுமூலை டீச்சர் கேட்டது:

உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். ஐநா பாதுகாப்புச் சபை பற்றிய பாடத்தில் ஹெய்ட்டியை உதாரணமாக எடுத்தேன். கும்பல்களை அடக்க வெளிநாட்டுப் பொலிஸ் போகலாம் என்று 2023 ஒக்டோபரில் தீர்மானம் வந்தது, 2024 ஜூனில் கென்யப் பொலிஸார் போய் இறங்கினார்கள், அதற்குப் பிறகும் தலைநகர் போர்ட் ஓ பிரின்ஸின் பெரும்பகுதி கும்பல்களின் கையில்தான் இருந்தது என்று சொல்லிக்கொண்டு போனேன். “துவக்கும் கவச வாகனமும் இருந்தும் ஏன் மிஸ் ஏலாமல் போச்சு?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஆள் போதாது, காசு போதாது என்றேன். அவ்வளவுதானா? இன்னொருவன், “நம்மட நாட்டைக் கேட்டால் நாமும் அனுப்பலாமா?” என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வெளிநாட்டுக் குழுக்களோடு வேலை செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

கல்முனைக்குடி:

டீச்சர், ஆள் போதாது என்பதை லேசாக விடாதீர்கள். 2,500 பேர் என்று திட்டம் போட்டு, ஏறத்தாழ 1,000 பேரோடு நின்றுபோனது. அது ஐநாவின் வழமையான அமைதிப் படையும் இல்லை. பாதுகாப்புச் சபை அனுமதி மட்டும் கொடுத்தது, செலவுக்கு நாடுகள் விரும்பிக் கொடுக்கிற பணத்தைப் பார்த்திருக்க வேண்டும். 2025 செப்டெம்பர் கடைசியில்தான் 5,550 பேர் கொண்ட புதிய படைக்கு அனுமதி கொடுத்தார்கள்.

இன்னொன்று, ஹெய்ட்டியில் துவக்குத் தொழிற்சாலை கிடையாது. பெரும்பாலான ஆயுதம் அமெரிக்காவிலிருந்து, அதிலும் புளோரிடாவிலிருந்து, சாமான்களுக்குள் மறைத்துக் கப்பலில் வருகிறது. துறைமுகத்தில் இறங்கிக்கொண்டே இருக்கிறதைத் தெருவில் நின்று பறித்து முடிக்க ஏலுமா?

வாவிக்கரையான்:

டீச்சர், போர்நிறுத்தக் காலத்தில் மட்டக்களப்பில் கண்காணிப்புக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். நோர்வே, சுவீடன் பக்கத்து ஆட்கள். ஆயுதம் இல்லை, கைது செய்யும் அதிகாரமும் இல்லை. கென்யாக்காரரிடம் இரண்டும் இருந்தன, அதனால் இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வேலையில் கண்ட ஒன்றை வைத்துத்தான் ஹெய்ட்டிச் செய்திகளை வாசிக்கிறேன்.

பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று முறைப்பாடு வரும். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்குப் போவோம். கொடி கட்டிய வெள்ளை வாகனம் ஒழுங்கைக்குள் நின்றால் ஊரே பார்க்கும். தாய் படலைக்கு வந்து, “ஒண்டும் இல்ல ஐயா, பிள்ளை மாமி வீட்ட நிக்கிது” என்பா. முதல் நாள் எங்கள் அலுவலக வாசலில் என் கையைப் பிடித்து அழுத அதே மனுசி. வந்த வெள்ளைக்காரர் அதைப் பொய் முறைப்பாடு என்று குறித்துக்கொள்ளப் பார்ப்பார். நான் மறிப்பேன். நாங்கள் பின்னேரம் வலையிறவுப் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவோம், அந்த மனுசி அங்கேதான் படுக்க வேண்டும் என்பேன். சிலர் விளங்கிக்கொண்டார்கள். பிறகு சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் வைத்துக் கேட்கப் பழகினோம்.

இப்போது ஹெய்ட்டிக்கு வாருங்கள். 2024 ஒக்டோபரில் ஆர்ட்டிபொனிட் பகுதியில் பொன் சொந்தே என்ற ஊர். கிரான் கிரிஃப் என்ற கும்பல் வீதியில் போகிற வாகனங்களிடம் கப்பம் வாங்கிக்கொண்டிருந்தது. ஊர் இளைஞர்கள் காவல் குழு அமைத்து மறித்தார்கள், ஊரும் அவர்களோடு நின்றது. கும்பல் விடியுமுன் வந்து 70 பேருக்கு மேல் கொன்றது, கைக்குழந்தைகளும் அதில் அடக்கம். அந்த நேரம் கென்யப் பொலிஸார் சில நூறு பேர், தலைநகரில். இதைப் பார்த்த அடுத்த ஊரவன் யாரிடம் வாய் திறப்பான்? தகவல் வராத பொலிஸ் கவச வாகனத்தில் சுற்றி வரலாம், அவ்வளவுதான். ஒரு ஆளை வீடு தேடிப் பிடிக்க முடியாது.

பிடித்தாலும் எங்கே வைப்பது? 2024 மார்ச்சில் கும்பல்கள் தலைநகரின் பெரிய சிறையை உடைத்தன, ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வழக்கு விசாரணை முடியாமல் வருடக்கணக்கில் கிடந்தவர்கள். நீதவானும் சாட்சியும் இல்லாத ஊரில் சனம் என்ன செய்யும்? 2023 ஏப்ரலில் தலைநகரில், பொலிஸிடம் பிடிபட்டிருந்த சந்தேக நபர்கள் பத்துப் பதின்மூன்று பேரைக் கூட்டம் பறித்தெடுத்து அடித்து எரித்தது. அதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. மனம்தான் நொந்தது.

கும்பலுக்கு மேலே இருப்பவர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2018இல் லா சலின் குடியிருப்பில் நடந்த படுகொலைக்காக 2020 டிசம்பரில் அமெரிக்கா மூவருக்குத் தடை விதித்தது. ஒருவர் கும்பல் தலைவர் ஜிம்மி செரிசியே, அவரே முன்னாள் பொலிஸ்காரர். மற்ற இருவரும் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர்கள். தேர்தலுக்கும் துறைமுகத்துக்கும் கும்பல் தேவைப்பட்டவர்கள்தான் கும்பலை வளர்த்தார்கள். அவர்கள் வீட்டுக் கதவை எந்த வெளிநாட்டுப் பொலிஸும் தட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே, டீச்சர், எத்தனை பேர் போனார்கள் என்பதைவிட, அவர்கள் வெளிக்கிட்ட பிறகு அந்த ஒழுங்கையில் யார் நிற்கிறார் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். 1990 மார்ச்சில் இங்கிருந்து இந்தியப் படை முழுதாக வெளியேறியது. ஜூனில் மறுபடி சண்டை. அதற்குள், அவர்களோடு நிற்க வைக்கப்பட்ட பொடியன்களுக்கு என்ன நடந்தது என்று நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வந்தாறுமூலை டீச்சர்:

மிகவும் நன்றி ஐயா. இதை அப்படியே வகுப்பில் வாசிப்பேன். அந்த மற்றப் பிள்ளையின் கேள்விக்கு என்ன சொல்வது?

வாவிக்கரையான்:

நம் நாடு ஏற்கெனவே அங்கே போனது, டீச்சர். 2004இல் ஐநா அமைதிப்படை ஹெய்ட்டிக்குப் போனபோது இலங்கைப் படைப்பிரிவும் போனது. 2007 நவம்பரில் நூறு பேருக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டார்கள், சிறு பிள்ளைகள் உட்படப் பலரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டிய குற்றச்சாட்டில். பத்து வருடம் கழித்து அது மீண்டும் பெரிய செய்தியானபோதும், ஒருவர்கூடச் சிறைக்குப் போயிருக்கவில்லை. 2010இல் நேபாளப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து கொலரா பரவியது, 10,000 பேரளவில் செத்தார்கள். ஐநா செயலாளர் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆனது. ஹெய்ட்டிச் சனம் வெளிநாட்டுச் சீருடையைப் பயத்தோடு பார்ப்பதற்கு இவ்வளவும் காரணம். தகவல் தராமல் இருப்பதற்கும்.

என்னைக் கேட்டால், தப்புச் செய்தவரை இங்கே கொழும்பில் திறந்த நீதிமன்றத்தில் நிறுத்துவோம், பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுப்போம் என்று போகுமுன்னே எழுத்தில் இருந்தால் அனுப்பலாம். இல்லையென்றால் ஒரு ஆளைக்கூட அனுப்பக்கூடாது.

கென்யாவில் நடந்ததையும் சொல்லுங்கள். 2024 ஜனவரியில் அவர்களுடைய உயர் நீதிமன்றம், இரு நாட்டுக்கும் இடையில் ஒப்பந்தம் இல்லாமல் பொலிஸை அனுப்புவது சட்டவிரோதம் என்று நிறுத்தியது. அதனால்தான் ஹெய்ட்டிப் பிரதமர் ஏரியல் ஹென்றி நைரோபிக்குப் போய் மார்ச் 1ஆம் திகதி கையெழுத்து வைக்க வேண்டி வந்தது. அவர் அங்கே நின்ற நேரம் பார்த்துக் கும்பல்கள் விமான நிலையத்தைத் தாக்கின, அவரால் நாடு திரும்பவே முடியவில்லை, பதவியும் போனது. அந்த வழக்கைப் போட்டவர்கள் கென்யாவின் எதிர்க்கட்சிக்காரர்கள். நம் பாராளுமன்றத்தில் அப்படி யார் கேட்பார் என்பதை உங்கள் பிள்ளைகள் விவாதிக்கட்டும்.