மறு: கில்டு: துணைப்பயிரா, செடிக்குழாமா?

வணக்கம். பெர்மாகல்ச்சரில், அதாவது இயற்கையின் போக்கைப் பார்த்துத் தோட்டத்தை வடிவமைக்கும் முறையில், ஒன்றுக்கொன்று உதவும்படி சேர்த்து நடுகிற செடிகளின் கூட்டத்தைக் கில்டு (guild) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் எது என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> கில்டு என்பதற்குத் துணைப்பயிர் என்றே போடலாமே, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே?

புழக்கத்தில் இருப்பதுதான் ஐயா சிக்கல். துணைப்பயிர் என்றதும் முதன்மைப்பயிர் ஒன்று உண்டு, மற்றது அதற்கு எடுபிடி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. லாவெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பழமரத்தின் நிழல் விழாத, நன்றாக வெயில் படுகிற வறண்ட ஓரத்தில் நடுகிறோம். மரம் பூத்து ஓய்ந்தபிறகு கோடையில் அது பூப்பதால் தேனீக்கள் அந்தப் பக்கத்தை விட்டுப் போவதில்லை, அப்புறம் பூவை உலர்த்தித் துணிமணிக்கு நடுவே வைக்கிறோம், எண்ணெய் வடிக்கிறோம். இதில் யார் யாருக்குத் துணை? ஊடுபயிரும் பொருந்தாது. வரிசைக்கு நடுவே விதைத்து ஒரு பருவத்தில் எடுத்துவிடுவது அது. லாவெண்டர் தண்டு கட்டைபோல இறுகிப் பல வருடம் நிற்கிற புதர்.

பக்கத்தில் நட்டாலே கில்டு ஆகிவிடாது என்பதையும் சொல் காட்ட வேண்டும். ரோஸ்மேரி, தைம், லாவெண்டர் மூன்றும் மத்தியத்தரைக்கடல் பக்கத்துச் செடிகள். தண்ணீர் நிற்காத சரளை மண், கொஞ்சம் காரத்தன்மை, எரு அதிகம் வேண்டாம் என்று மூன்றின் தேவையும் ஒன்றுபோல. புதினாவும் இதே குடும்பம்தான், ஆனால் அதற்கு ஈரம் வேண்டும். அதனால்தான் மூலிகைச் சுருள்மேட்டில் (herb spiral, மூலிகைகளை நடச் சுருளாக எழுப்பும் சிறு மேடு) சீக்கிரம் காய்கிற உச்சியில் லாவெண்டரும், நீர் வடிந்து சேர்கிற அடிவாரத்தில் புதினாவும் இருக்கின்றன. மூடாக்கும் அப்படித்தான் (பெர்மாகல்ச்சர்காரர்களுக்கு வைக்கோலைப் பரப்பாமல் கை சும்மா இருக்காது!). லாவெண்டர் தூரில் ஈர வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தால் அழுகிவிடும், அங்கே சரளைக்கல் போதும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'கூட்டணி' என்றால் தேர்தல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 'சாத்து' வணிகர் கூட்டத்துக்கு உரிய அழகான பழஞ்சொல், ஆனால் இன்று கதவைச் சாத்து என்றுதான் படிப்பார்கள். 'திணைக்கூட்டு' எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனாலும் திணை ஒரு நிலப்பரப்பு முழுவதையும் குறிப்பது, இரண்டு முழ உயர மேட்டுக்குள் இரண்டு திணை என்றால் சிரிப்பார்கள். என் ஓட்டு 'செடிக்குழாம்'.

> குழாம் நன்றாகத்தான் இருக்கிறது, 'குழாத்தில்' என்று எழுதும்போதுதான் தொண்டையில் சிக்குகிறது.

மரத்தில், நிலத்தில் என்று எழுதுகிறோமே, அதே இலக்கணம்தான். "லாவெண்டர் குழாத்தில் புதினாவுக்கு இடமில்லை" என்று நாலு தடவை எழுதிப்பாருங்கள், பழகிவிடும்.

லாவெண்டருக்கு 'ஊதாத்துளசி' என்று ஒரு நண்பர் பரிந்துரைத்திருந்தார். வேண்டாமே. குடும்பம் ஒன்று என்றாலும் பேரினம் வேறு, தவிர பெயரை நம்பித் துளசிக்கு ஊற்றுவதுபோலத் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிப் போகும். லாவெண்டர் லாவெண்டராகவே இருக்கட்டும்.

மேலே 'சுருள்மேடு' என்று நானாகப் போட்டிருக்கிறேன். அதற்கும் மாற்றுச்சொல் இருந்தால் எழுதுங்கள்.