பொது பார்க்கிங்கில் சார்ஜ் பாதியில் நின்றுவிட்டது, அபராதமும் போட்டுவிட்டார்கள். உதவி தேவை

நேற்று மாலை பொது பார்க்கிங் கட்டடத்தில் சார்ஜ் போடும் இடத்தில் என் மின்சாரக் காரை விட்டேன். பார்க்கிங் சீட்டு எடுத்தேன், ஆப்பில் சார்ஜுக்கும் பணம் கட்டினேன். டைப் 2 கேபிள் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. 7 கிலோவாட் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தால் பேட்டரி 31-லிருந்து 44 சதவீதம்தான். கண்ணாடியில் அபராதச் சீட்டு வேறு, ‘சார்ஜ் செய்யாமல் இடத்தை அடைத்தது’ என்று. கேபிள் மாட்டியபடியேதான் இருந்தது! கோளாறு காரிலா, சார்ஜரிலா?

பதில் 1
காரில் இரவு நேர டைமர் வைத்திருக்கிறீர்களா? எனக்கு அப்படித்தான் ஆனது.

கேட்டவர்
இல்லைங்க, பார்த்துவிட்டேன். டைமர் இருந்தால் ஆரம்பத்திலேயே ஏறியிருக்காதே.

பதில் 2
பார்க்கிங் கட்டடங்களில் சார்ஜர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இது பெரும்பாலும் மின்சாரத்தைப் பங்கிடுவதால் வருவது. ஒவ்வொரு சார்ஜருக்கும் முழு மின்சாரம் கொடுக்கக் கட்டடத்தின் இணைப்பு தாங்காது. அதனால் ஒரே லைனில் பல சார்ஜர்களை வைத்து, கார்கள் சேரச் சேர ஆம்பியரைக் குறைப்பார்கள். 32 ஆம்பியர், 230 வோல்ட்டில் உங்களுக்கு 7 கிலோவாட் சொச்சம் கிடைத்தது. இந்த ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜில் 6 ஆம்பியருக்குக் கீழே இறக்க வழியில்லை. பங்கு அதற்கும் குறைந்தால் சில கார்களை முழுசாக நிறுத்திவைத்து, முறை வரும்போது திரும்பக் கொடுப்பார்கள். அதற்குள் சில கார்கள் தூங்கிவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும் எழாது.

ஆப்பிலோ வாடிக்கையாளர் சேவையிலோ அந்த சார்ஜின் பதிவைக் கேட்டு வாங்குங்கள். ஓசிபிபி என்பது சார்ஜர் தன் மையக் கணினியோடு பேசும் பொது முறை. அந்த முறையில் பேசும் சார்ஜர் என்றால் ‘சஸ்பெண்டட் ஈவிஎஸ்இ’ என்பது சார்ஜர் நிறுத்தியது. ‘சஸ்பெண்டட் ஈவி’ என்றால் கார் வாங்காமல் இருந்தது. மேல்முறையீட்டுக்கு இந்த ஒரு வரி போதும்.

கேட்டவர்
பதிவு வந்துவிட்டது, ரொம்ப நன்றி. 52-ஆவது நிமிடத்தில் சஸ்பெண்டட் ஈவிஎஸ்இ. 25 நிமிடம் கழித்து சஸ்பெண்டட் ஈவி, கடைசி வரை அப்படியே. அப்போ ரெண்டு பக்கமும் தப்பா?

பதில் 2
ஆமாம், ஆனால் தொடங்கிவைத்தது சார்ஜர். அடுத்த முறை நின்றுபோனால் ஆப்பிலோ சாவியிலோ காரைத் திறந்து எழுப்பிப் பாருங்கள். எழாவிட்டால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். அரை மணி கழித்து ஒருமுறை ஆப்பைப் பார்ப்பதும் நல்லது.

பதில் 3
எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பார்க்கிங்கைப் பார்ப்பது ஒரு பிரிவு, சார்ஜரைப் பார்ப்பது இன்னொரு பிரிவு. சீட்டு எழுதுபவர் கண்ணில் படுவது சார்ஜர் விளக்கின் நிறம் மட்டும்தான், பதிவு அவர் கைக்கு வருவதே இல்லை. சார்ஜ் முடிந்த பிறகும் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்கு அபராதம் போடட்டும், அது நியாயம். அடுத்தவர் காத்திருக்கிறார். நகராட்சியே மின்சாரத்தை நிறுத்திவிட்டு நகராட்சியே அபராதம் போடக்கூடாது. சரி, அங்கே பலகையில் என்ன எழுதியிருந்தது? ‘சார்ஜ் ஏறும்போது மட்டும்’ என்பதும் ‘கேபிள் இணைத்த வாகனங்களுக்கு மட்டும்’ என்பதும் வேறு வேறு விதி.

கேட்டவர்
இப்போதுதான் போய்ப் படம் எடுத்து வந்தேன். ‘சார்ஜர் கேபிள் இணைக்கப்பட்ட மின் வாகனங்களுக்கு மட்டும்’ என்றுதான் இருக்கிறது. பதிவையும் படத்தையும் சேர்த்து மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.