டர்போ என்ஜினில் நீலப் புகை: சீலா, ரிட்டர்ன் குழாயா?

தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே பொழுதுபோக்காக ஒரு டர்போ என்ஜின் கட்டிவருகிறேன். மாருதி 800-இல் வந்த எஃப்8பி, 796 சிசி, மூன்று சிலிண்டர். டர்போ (வெளியேறும் புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி), புதுப்பேட்டையில் 4,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய டீசல் கார்ச் சாமான். 1 பார் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) என்பது ஆசை, இன்னும் 0.4-ஐத் தாண்டவில்லை.

மூன்று வாரமாக ஒரே தொல்லை. ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடினால் நீலப் புகை, அதாவது ஆயில் எரிகிறது; எதிர்வீட்டு அக்கா கொடியில் காயும் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் புகை குறைகிறது.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) மூன்று சிலிண்டரிலும் 160 பிஎஸ்ஐக்கு அருகில். வால்வு சீல் மாற்றினேன். டர்போவுக்கு ஆயில் வரும் குழாயில், வரத்தைக் குறைக்க 1.5 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைத்தேன். பலனில்லை. டர்போவின் டர்பைன் (புகை போகும்) பக்கம் விரலை விட்டால் கறுப்பு எண்ணெய் ஒட்டுகிறது, கம்ப்ரசர் (காற்று உள்ளே வரும்) பக்கம் காய்ந்தே இருக்கிறது. டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸின் உள்விட்டம் 10 மி.மீ.; அது சம்ப்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் மட்டத்துக்குக் கீழே சேர்கிறது.

டர்போவைக் கழற்றி சீல் மாற்ற வேண்டுமா, ரிட்டர்ன் குழாயைப் பெரிதாக்கி மட்டத்துக்கு மேலே ஏற்றினாலே போதுமா?