மறு: 'ஒருங்கிணைந்த வணிக மேலாண்மை' – இதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வழிகாட்டிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐஐஎம்கள் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) நடத்தும் ஐந்தாண்டு 'இன்டகிரேட்டட் புரோகிராம் இன் மேனேஜ்மென்ட்', தனியார் பல்கலைக்கழகங்கள் பிபிஏ-வையும் எம்பிஏ-வையும் சேர்த்து நடத்தும் ஐந்தாண்டுப் படிப்பு இரண்டும் அதில் வருகின்றன. நாளிதழ்களில் வழங்குகிறபடியே 'ஒருங்கிணைந்த வணிக மேலாண்மைப் பட்டப்படிப்பு' என்று போட்டுவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் "அது என்ன ஒருங்கிணைந்த வணிகம்?" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள். சீக்கிரம் அச்சுக்குப் போக வேண்டும், அதனால் தனித்தமிழா இல்லையா என்கிற பழைய சண்டையை இந்த ஒருமுறை தள்ளி வைத்துவிடுங்கள், ப்ளீஸ்.

* * *

அம்மா, வணக்கம்.

மெய்ப்புப் பார்த்தவர் சொல்வது சரி. தமிழில் பெயரெச்சம் பக்கத்தில் நிற்கிற பெயரைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். 'ஒருங்கிணைந்த வணிக மேலாண்மை' என்றால் பல கடைகளை ஒன்றாக்கி நடத்தக் கற்றுத்தருகிறார்கள் போல என்று ஒரு பையன் நினைத்தால் அவன்மேல் குற்றமில்லை. 'வணிக மேலாண்மை ஒருங்கிணைந்த படிப்பு' என்று மாற்றிப்போட்டால் பாதிச் சிக்கல் தீரும், கொஞ்சம் முடமாக இருக்கும், அவ்வளவுதான். மீதிப் பாதி பெரியது: எதோடு எது இணைகிறது? அகராதியைப் புரட்டி இதற்கு விடை கிடைக்காது, அந்த ஐந்து வருடத்தில் மாணவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் கிடைக்கும்.

இந்தூர் ஐஐஎம்மை எடுத்துக்கொள்வோம். ஐஐஎம்களில் இதை முதலில் ஆரம்பித்தவர்கள் அவர்கள்தான், 2011இல். பிளஸ் டூ முடித்ததும் ஒரு நுழைவுத்தேர்வு, கணக்கும் ஆங்கிலமும்தான் அதில் முக்கியம், பிறகு நேர்காணல். உள்ளே போனால் முதல் மூன்று ஆண்டுகளின் பெரும்பகுதி கணிதம், புள்ளியியல், பொருளியல், உளவியல், சமூகவியல், அரசியல் அறிவியல், இலக்கியம், கணினி, ஒரு வெளிநாட்டு மொழி என்று போகிறது. சேர்ந்தவுடனே 'மார்க்கெட்டிங்' சொல்லித்தருவார்கள், நான்காம் மாதமே கோட்டுசூட்டு என்று நினைத்துப் போகிற பிள்ளை நுண்கணிதத்தில் போய் முட்டிக்கொள்ளும். (உங்கள் கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பெயர்ச்சொல்லைவிட இது பயன்படும்.) நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில்தான் நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், நிறுவன நடத்தை, உற்பத்தி நிர்வாகம், வணிக உத்தி எல்லாம் வருகின்றன. அப்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர், எங்கோ பொறியியலோ பி.காம்-ஓ முடித்து, 'கேட்' (CAT) என்கிற எம்பிஏ நுழைவுத்தேர்வை எழுதி நேராக எம்பிஏ-வுக்கு வந்தவர். அவருக்கும் இவருக்கும் அந்த இரண்டு ஆண்டும் ஒரே வகுப்புதான்.

அதாவது கீழே ஓர் இளநிலை, அதன் மேலே ஒரு முதுநிலை. இடையில் இன்னொரு நுழைவுத்தேர்வு கிடையாது, மதிப்பெண் வரம்பைத் தாண்டினால் மேலே போகலாம். இணைப்பு என்று இருப்பது அந்த ஒரு மூட்டில்தான்.

இதைச் சட்டப்படிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி 1988இல் ஐந்தாண்டு பி.ஏ. எல்எல்.பி. வகுப்புகளைத் தொடங்கியபோது வரலாறும் சமூகவியலும் ஒப்பந்தச் சட்டமும் முதல் ஆண்டிலேயே சேர்ந்து வந்தன. அங்கே கலைப்பாடத்தையும் சட்டப்பாடத்தையும் பிரித்தெடுத்து, இதோ இது பி.ஏ., இதோ இது எல்எல்.பி. என்று நடுவில் கோடு போட முடியாது. அதை 'ஒருங்கிணைந்த சட்டப்படிப்பு' என்று நாளிதழ்கள் எழுதுவது முற்றிலும் பொருத்தம். அது பின்னல். மேலாண்மையில் இருப்பது அடுக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே அடைமொழி போட்டார்கள் என்பதற்காக நாமும் போட வேண்டியதில்லை.

தனியார் பல்கலைக்கழகங்களின் பிபிஏ–எம்பிஏ கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே முதல் பருவத்திலேயே மேலாண்மைக் கோட்பாடுகள், கணக்கியல், வணிகச் சட்டம், வணிகத் தகவல்தொடர்பு என்று இறங்கிவிடுவார்கள். பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவர்களுக்குப் பற்று, வரவு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் பழகின சரக்கு, அறிவியல் பிரிவிலிருந்து வருகிறவர்கள்தான் திணறுவார்கள். இதில் என் மனத்தாங்கல் என்னவென்றால், பாடத்திட்டத்தைச் சரியாகப் போடாத இடங்களில் இரண்டாம் ஆண்டில் படித்த அதே சந்தைப்படுத்தல் நான்காம் ஆண்டில் தலைப்பில் ஒரு சொல் மாறித் திரும்பவும் வரும். ஒருங்கிணைத்தவர்கள் முதலில் அதைத்தானே கவனித்திருக்க வேண்டும்? ஆக அங்கேயும் நடப்பது அடுக்குதான், சில இடங்களில் அரைகுறை அடுக்கு.

'இரட்டைப் பட்டம்' என்று வைக்கலாமே என்று இந்தக் குழுவில் யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லா ஐந்தாண்டுப் படிப்பும் இரண்டு பட்டம் தருவதில்லை. ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. என்று மட்டும் பெயர் போட்ட படிப்பை முடித்தால் பல இடங்களில் கையில் கிடைப்பது ஒன்றே ஒன்று. மேலாண்மையிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு: 2017ஆம் ஆண்டு ஐஐஎம் சட்டம் வரும்வரை ஐஐஎம்களுக்குப் பட்டம் தரும் அதிகாரமே கிடையாது, பட்டயம்தான் தந்தார்கள். இந்தூரில் 2011இல் சேர்ந்து ஐந்து வருடம் படித்து முடித்த முதல் அணிக்குப் 'பட்டப்படிப்பு' என்ற சொல்லே கறாராகப் பார்த்தால் பொருந்தாது. இப்போது பி.ஏ., எம்பிஏ என்று முறையாகவே கொடுக்கிறார்கள். ஆனாலும் பெயரில் பட்டத்தைச் செருகாமல் 'படிப்பு' என்று நிறுத்திக்கொள்வது நல்லது, நாளைக்கு விதி மாறினாலும் சொல் நிற்கும்.

'தொடர்படிப்பு', 'தொடர்நிலை' இரண்டையும் நானே யோசித்துப் பார்த்துக் கைவிட்டேன். முதலாவது, வேலையில் இருப்பவர்கள் படிக்கும் தொடர்கல்வியோடு குழம்பும். இரண்டாவதை வேகமாக வாசித்தால் தொலைநிலை ஆகிவிடும். அஞ்சல்வழிக் கல்வி என்று எந்த அப்பாவாவது நினைத்துவிட்டால் கதை முடிந்தது.

என் பரிந்துரை: இளமுதுநிலை. இளநிலையும் முதுநிலையும் நமக்கு ஏற்கனவே பழகியவை, இரண்டையும் ஒட்டினால் எது எதோடு சேர்கிறது என்று சொல்லே காட்டிவிடும். 'மேலாண்மை இளமுதுநிலைப் படிப்பு'. 'வணிக' வேண்டுமென்றால் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம், இனி அது எதோடும் மோதாது.

கூடவே இன்னொன்று. இந்தூரில் மூன்றாம் ஆண்டு முடிவில் பி.ஏ. பட்டத்தோடு வெளியே வரவும் வழி இருக்கிறது. இதை எங்கேயாவது 'இடைநிற்றல்' என்று எழுதிவைக்காதீர்கள், அது பள்ளியை விட்டுப் பாதியில் நின்றுபோன பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கும் சொல். 'இடைநிறைவு' என்று போடலாம். படிப்பின் நடுவில் ஒரு நிறைவு, கையில் ஒரு பட்டம்.

* * *

அண்ணை, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

'இளமுதுநிலை' வாசிக்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 'நிலை' என்பதில் பட்டம் தெரியாது. கலைமாணி, வணிகமாணி, வியாபார நிர்வாகமாணி, பிறகு முதுமாணி என்றுதான் நாங்கள் சொல்லிப் பழகினோம். மேலாண்மை என்பதும் முகாமைத்துவம், படிப்பு என்பது கற்கைநெறி. கையேடு தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. பொதுவாகப் போகிற சொல் என்றால் 'இளமுதுமாணி'யையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் 'இளமுது' பொதுவாக இருப்பது நல்லதுதானே.

சொல்லைவிட உங்கள் வாதத்தில் எனக்கு ஒரு சந்தேகம். முதல் மூன்று வருடமும் கடைசி இரண்டு வருடமும் வெறும் அடுக்கு என்கிறீர்கள். அப்படியா? முதலாம் வருடத்தில் படித்த நிகழ்தகவுதான் நான்காம் வருடத்தில் முதலீட்டு ஆபத்தைக் கணக்கிடவும், களஞ்சியத்தில் எவ்வளவு சரக்கு இருக்கவேணும் என்று பார்க்கவும் வருகிறது. உளவியல், நுகர்வோர் ஏன் வாங்குகிறார் என்கிற பாடத்தில் வருகிறது, பிறகு ஊழியர் ஏன் வேலையை விட்டுப் போகிறார் என்பதிலும் வருகிறது. நுண்பொருளியலில் கீறின கேள்வி வளைகோட்டை (உங்கள் பக்கத்தில் தேவை வளைகோடு) வைத்துத்தானே பிறகு விலை நிர்ணயம் படிப்பிக்கிறார்கள்? இது இணைப்பு இல்லையென்றால் வேறென்ன? ஒரு பொறியியலாளர் நேராக எம்பிஏ-வுக்கு வரும்போது அவருக்குச் சமூகவியல் பக்கம் வெறுமையாக இருக்கும், ஐந்து வருடம் படித்த பிள்ளைக்கு அது இருக்கும். அதைச் சொல்லுகிற சொல்லாக 'ஒருங்கிணைந்த' என்பது நின்றால் என்ன குறைந்துவிடும்?

* * *

தம்பி, நல்ல இடத்தில்தான் பிடித்தீர்கள். முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். நிகழ்தகவு இல்லாமல் நிதிப்பாடம் நடக்காது, கேள்வி வளைகோடு தெரியாதவனுக்கு விலை நிர்ணயத்தை மனப்பாடமாகத்தான் ஊட்ட வேண்டும். ஆனால் இந்த உறவு எந்தப் படிப்பிலும் உண்டு. இயற்பியல் படித்துவிட்டுத்தான் பொறியியலுக்குப் போகிறார்கள், அதற்காகப் பிளஸ் டூவையும் பி.இ.யையும் ஒருங்கிணைந்த படிப்பு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பாடம் இன்னொன்றுக்கு அடித்தளமாக இருப்பது வேறு, இரண்டும் ஒரே வகுப்பில் ஒரே கேள்விக்கு விடை தேடுவது வேறு.

நீங்கள் சொல்கிற இணைப்பு உண்மையிலேயே நடக்கும் இடம் ஒன்று உண்டு, அதை நான் விட்டுவிட்டேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நிறுவனத்தின் உண்மைக் கதையைக் கையில் கொடுத்து, நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன முடிவெடுப்பாய் என்று வகுப்பில் வாதாட விடுகிறார்களே, அங்கே. சரக்குத் தேங்கி நிற்கிறது, வங்கி கடனைக் கேட்கிறது, விற்பனைப் பிரிவும் தொழிற்சாலையும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நிதியை மட்டும் பார்த்தும் பதில் வராது, மனிதர்களை மட்டும் பார்த்தும் வராது. ஆனால் அந்த வகுப்பு இரண்டே ஆண்டு எம்பிஏ படிக்கிறவருக்கும் இருக்கிறது. ஆகவே அது மேலாண்மைக் கல்வியின் குணம், ஐந்தாண்டுப் படிப்பின் தனிக்குணம் இல்லை. ஐந்தாண்டுக்கு என்று தனியாக இருப்பது பதினேழு பதினெட்டு வயதில் உள்ளே எடுத்து இரண்டு நிலையையும் ஒரே மூச்சில் முடிக்க விடுவது. பெயர் அதைச் சொன்னால் போதும்.

இதில் ஒரு கிளைக்கதை. சின்ன வயதில் உள்ளே எடுத்துப் பழக்குவது நம்மவர்களுக்குப் புதிதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் பேரேட்டில் தொடங்கி, அடுத்தாள் ஆகி, பிறகு கடையையே பார்க்கும் மேலாள் ஆகலாம். இளநிலை முதுநிலை என்று அவர்கள் பிரிக்கவில்லை. 'மேலாண்மை'யைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மேலாள் நினைவுக்கு வருவார். (இரண்டும் ஒரே வேர் வழியா என்று சொற்பிறப்புக்காரர்கள் கிளம்பிவிடாதீர்கள், அச்சுக்கு நேரமாகிறது என்று அம்மா முதல் மடலிலேயே சொல்லிவிட்டார்.)

மாணி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். சொல்லப்போனால் 'இளமுதுமாணி' என்பதுதான் காதுக்கு இன்னும் நன்றாக இருக்கிறது, படித்து முடித்தவரையும் அதே சொல்லால் குறிக்கலாம். எங்கள் ஊர் அப்பாக்கள் அதைப் பார்த்து இது ஏதோ தமிழ் இலக்கியப் படிப்பு என்று நினைத்துவிடுவார்களோ என்பதுதான் பயம்.

* * *

இருவருக்கும் நன்றி.

கையேட்டில் 'மேலாண்மை இளமுதுநிலைப் படிப்பு' என்றே போடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் 'நாளிதழ்களில் ஒருங்கிணைந்த படிப்பு எனப்படுவது' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பிள்ளைகள் விளம்பரத்தையும் கையேட்டையும் வைத்துக்கொண்டு இரண்டும் வேறு வேறு என்று நினைப்பார்கள். 'இடைநிறைவு' உடனே பிடித்துவிட்டது, அதற்கு விளக்கமே தேவைப்படாது. இலங்கைப் பதிப்பு வந்தால் இளமுதுமாணி, முகாமைத்துவம், கற்கைநெறி. சட்டப்படிப்பு அத்தியாயத்தில் 'ஒருங்கிணைந்த' அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், அந்த உண்மைக் கதையை வைத்து வாதாடும் வகுப்பு என்று எழுதினீர்களே, அந்தக் 'கேஸ் ஸ்டடி'யை நான் இதுவரை 'வழக்கு ஆய்வு' என்று போட்டிருக்கிறேன். அதே கையேட்டில் சட்டப்படிப்பும் இருப்பதால் இப்போது உதைக்கிறது. அரசாணைகளில் 'இந்த விஷயத்தில்' என்ற பொருளில் 'இந்நேர்வில்' என்று எழுதுவார்களே, அதை வைத்து 'நேர்வாய்வு' என்று போடலாமா? யாராவது இன்று இரவுக்குள் சொன்னால் இந்தப் படிவத்திலேயே திருத்திவிடுவேன்.