சட்டங்களை எண்ணுவதா, செலவைப் பார்ப்பதா? நாடுகளின் முற்போக்கை அளப்பது குறித்து ஒரு விவாதம்

நாஞ்சில் கணக்கர்:
ஒரு நாடு தன்னை முற்போக்கான சமூகக் கொள்கை உடையதாக உலகுக்கும் தன் குடிமக்களுக்கும் காட்டிக்கொள்கிறது. அந்தச் சமிக்ஞை எவ்வளவு வலுவானது என்பதை அளக்க முடியுமா என்பதே என் கேள்வி. அந்த நாடு உண்மையிலேயே முற்போக்கானதா என்பது வேறு விசாரணை. அது சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று மட்டும்தான் கேட்கிறேன். இன்று புழங்கும் குறியீட்டெண்கள் பலவும் சட்டப் புத்தகத்தைப் புரட்டி மதிப்பெண் போடுகின்றன. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்க 1979-ல் ஐ.நா. நிறைவேற்றிய உடன்படிக்கையைப் பாருங்கள். சவுதி அரேபியா, இஸ்லாமியச் சட்டத்தோடு முரண்படும் எதுவும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்ற நிபந்தனையோடு 2000-ல் அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவோ 1980-ல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அது தன்னைக் கட்டுப்படுத்தும் என்ற ஏற்புறுதியை இன்றுவரை அளிக்கவில்லை. ஏற்புறுதிகளை எண்ணினால் எந்த நாடு முந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

என் முன்மொழிவு இதுதான். போலியாக ஒரு சமிக்ஞையை அனுப்புகிறவருக்கு அது கட்டுப்படியாகாத அளவுக்குச் செலவு பிடித்தால்தான் அதை நம்பலாம் என்று பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் வேலைச் சந்தையை வைத்து விளக்கினார். அதையே அரசுகளுக்கும் பொருத்துவோம். ஒரு கொள்கைக்காக அரசு எவ்வளவு பணம் ஒதுக்கியது, யாருடைய பகையைச் சம்பாதித்தது, பின்வாங்க நினைத்தால் எவ்வளவு இழக்கும் என்பவற்றுக்குத்தான் மதிப்பெண் தர வேண்டும், சட்டம் இயற்றியதற்கு அல்ல.

தக்கலை வழக்கறிஞர்:
காகிதத்தை இவ்வளவு இளக்காரமாகப் பேசுவது, அதுவும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு பேசுவது, எனக்கு வியப்பாக இருக்கிறது. சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் கதை முழுவதும் காகிதங்களின் கதைதான். கர்னல் மன்றோ திருவிதாங்கூரின் திவானாக இருந்த காலத்தில், கிறிஸ்தவத்தைத் தழுவிய சாணார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை அணியலாம் என்று ஓர் உத்தரவு வந்தது. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1820-களில் பத்மநாபபுரம் நீதிமன்றம் வரை போனார்கள். 1829-ல் அரண்மனை, உயர்சாதிப் பெண்கள் அணிந்த மேல்சீலையைத் தடுத்து, குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. போராட்டமும் கலவரமும் அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனம் மனமுவந்து வந்ததன்று. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பணிந்து வந்தது.

உங்கள் கணக்குப்படி, அனுப்பியவருக்கு விருப்பமே இல்லாத அந்தச் சமிக்ஞைக்கு என்ன மதிப்பெண்? எதுவாயினும் ஆகட்டும். அதைப் பெற்றவர்களுக்கு அது பிடித்து நிற்க ஓர் ஆதாரமாக இருந்தது. அதிகாரம் உள்ளவர்களுக்குச் சட்டம் அலங்காரமாக இருக்கலாம், அதிகாரம் இல்லாதவர்களுக்கு அது ஒன்றுதான் ஆயுதம். சமிக்ஞையின் வலுவை அனுப்புகிறவரின் செலவை மட்டும் வைத்து அளந்தால், பெறுகிறவர் அதைக் கொண்டு என்ன செய்ய முடிந்தது என்பது கணக்கிலேயே வராது.

முட்டம் கரையிலிருந்து:
வழக்கறிஞர் அண்ணன் அந்தப் பிரகடனத்தின் வாசகத்தையும் எடுத்து வைத்திருக்கலாம். சாணார் பெண்கள் எந்த விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மறைக்கக் கூடாது என்றுதான் அதில் இருந்தது. குப்பாயம் போடலாம், அல்லது முக்குவத்திப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். எங்கள் கரையின் பெண்கள் உடுத்திய துணியை இன்னொரு சமூகம் தாண்டக் கூடாத எல்லையாக வைத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கசப்புதான் மிஞ்சுகிறது.

ஆகவே அந்தப் பிரகடனம் ஒரே சமயத்தில் இரண்டு சமிக்ஞைகளை அனுப்பியது. சென்னைக் கோட்டைக்கு, ‘அனுமதித்துவிட்டோம்’ என்றது. உயர்சாதியினருக்கு, ‘உங்கள் வேற்றுமை அப்படியே இருக்கும்’ என்றது. ஒரு பிரகடனத்துக்கு ஒரு மதிப்பெண் என்று போட்டால் இவற்றுள் எதற்குப் போடுவீர்கள்? யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று கேட்காத அளவுகோலால் எனக்குப் பயனில்லை.

நாஞ்சில் கணக்கர்:
யாரை நோக்கி என்ற கேள்விக்கு அண்மைக் கால உதாரணம் சவுதிதான். பெண்கள் கார் ஓட்டுவதற்கான தடை 2018 ஜூனில் நீங்கியது. அதற்கு முந்தைய மாதமே, அந்த உரிமைக்காகப் பாடுபட்ட லூஜைன் அல்-ஹத்லூல் உள்ளிட்ட பெண்களைக் கைது செய்தார்கள். பெண்களுக்கான தொழில், வேலைச் சட்டங்களை மதிப்பிடும் உலக வங்கியின் 2020 அறிக்கையில் மிக அதிகமாக முன்னேறிய நாடு என்ற இடம் சவுதிக்குக் கிடைத்தது. வெளிநாட்டு முதலீட்டாளருக்கு ஒரு செய்தி, உள்நாட்டுப் பெண்களுக்கு வேறொரு செய்தி: உரிமையை நாங்கள் கொடுத்தால் பெற்றுக்கொள்ளுங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள். சட்டத்தை மட்டும் படிக்கும் குறியீட்டெண்ணின் கண்ணில் முதல் செய்தி மட்டும்தான் படும்.

குழித்துறை டீச்சர்:
கணக்கர் சார், செலவு என்ற உங்கள் அடிப்படையே எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. யார் தலையில் விழும் செலவு என்று நீங்கள் கேட்கவே இல்லை. 2017-ல் நம் நாட்டில் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். உலக அரங்கில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தக்க சட்டம்தான். ஆனால் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்துக்குள் (இ.எஸ்.ஐ.) வராத இடங்களில் அந்த ஊதியத்தை முதலாளிதான் கொடுக்க வேண்டும். அரசுக் கருவூலம் பங்கு போடுவதில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைக்கு அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்துவதும் இல்லை. பிறர் செலவில் அனுப்பப்படும் சமிக்ஞையை உங்கள் பட்டியலில் எங்கே வைப்பீர்கள்?

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. சுவீடன் 1974-லேயே பெற்றோர் விடுப்பைத் தந்தைக்கும் திறந்துவிட்டது. இருந்தும் பெரும்பாலும் தாய்மார்களே அதை எடுத்தார்கள். 1995-ல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது வீணாகும் என்று மாற்றினார்கள். ஏற்கெனவே இருந்த விடுப்பைப் பிரித்து எழுதினார்களே தவிர, அதற்காகப் பெரும் நிதி எதையும் கூட்டவில்லை. ஆனால் குழந்தை வளர்ப்பு தந்தையின் வேலையும்கூட என்ற செய்தி அதைவிட உரக்க எந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. ஜப்பானின் கதை இதற்கு நேர்மாறானது. தந்தைக்கான விடுப்பில் பணக்கார நாடுகளுள் மிகத் தாராளமானது ஜப்பான் என்று யுனிசெப் 2019-ல் மதிப்பிட்டது. அந்த ஆண்டில் அதை எடுத்த ஆண்கள் நூற்றுக்கு 8 பேர்கூட இல்லை. மேலாளர் முகம் சுளிப்பாரே என்ற அச்சம்தான் காரணம். 2022-ல், விடுப்பு வேண்டுமா என்று நிறுவனமே ஊழியரிடம் கேட்க வேண்டும் என்றும், அடுத்த ஆண்டில், பெரிய நிறுவனங்கள் எத்தனை ஆண்கள் எடுத்தார்கள் என்பதை வெளியிட வேண்டும் என்றும் விதி வந்தது. 2023-ல் எடுத்தவர்கள் நூற்றுக்கு 30 பேர். விதி ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பணத்தால் அசையாத ஒன்றை, கேள்வி கேட்கும் கடமை அசைத்திருக்கிறது.

தக்கலை வழக்கறிஞர்:
டீச்சர் சொல்வது என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. அந்தக் கடமையும் சட்டம்தானே. உலக வங்கி 2024-ல் தன் அளவீட்டையே விரித்து, சட்டத்தோடு அதை நடைமுறைப்படுத்தும் ஏற்பாடுகளையும் தனியாக எண்ணியது. சம ஊதியச் சட்டம் 98 நாடுகளில் இருக்க, ஊதிய விவரத்தை வெளிப்படுத்தவோ சட்டத்தை அமலாக்கவோ வழிசெய்தவை 35 மட்டுமே என்று தெரியவந்தது. ஆகக் குறியீட்டெண்களும் கற்றுக்கொள்கின்றன. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961 முதல் இருக்கிறது. நம் ஊர்க் கல்யாணப் பேச்சில் இத்தனை பவுன் என்பது இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தச் சட்டம் இல்லாதிருந்தால், பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக நான் என்ன மனு எழுதுவேன்?

முட்டம் கரையிலிருந்து:
குறியீட்டெண்கள் கற்றுக்கொள்வது இருக்கட்டும், அரசுகள் அவற்றைவிட வேகமாகக் கற்றுக்கொள்கின்றன. தொழில் தொடங்குவதன் எளிமையை அளந்த தரவரிசையை உலக வங்கியே 2021-ல் நிறுத்தியது. 2018, 2020 அறிக்கைகளின் தரவுகளில் முறைகேடு இருந்தது வெளிவந்ததுதான் காரணம். மதிப்பெண் வருகிறது என்றால் மதிப்பெண்ணுக்காகவே சட்டம் எழுதுவார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். 1957-ல் குளச்சல் தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமன், காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சிக்கும் மீன்வளத்துக்கும் பொறுப்பேற்றார். மீனவச் சமூகத்துப் பெண் ஒருவரை அமைச்சராக்க எந்த இடஒதுக்கீட்டுச் சட்டமும் அன்று வற்புறுத்தவில்லை. அந்தச் சமிக்ஞையை எந்தச் சட்டப் புத்தகத்தில் தேடுவீர்கள்?

குழித்துறை டீச்சர்:
அவரைக் குறித்து எனக்கும் பெருமைதான். ஆனால் ஒருவரைக் கொண்டுபோய் மேலே வைப்பது தலைவருக்கு எளிது. அவருக்குப் பின்னால் எத்தனை பேர் அந்த வாசலில் நுழைந்தார்கள் என்று பார்க்காமல், அதை வலுவான சமிக்ஞை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாஞ்சில் கணக்கர்:
பின்வாங்கும் செலவு என்று முதலிலேயே சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கிறேன். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தியது. அதைக் குறைப்போம் என்று சொல்லி இங்கே எந்தக் கட்சியும் வாக்குக் கேட்க முடியாது. 2023-ல் வந்த 106-ஆவது திருத்தமும் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் அதே மூன்றில் ஒரு பங்கைத்தான் சொல்கிறது. ஆனால் அதன் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், அதையொட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று எழுதினார்கள். தேதி எதையும் குறிக்கவில்லை. சட்டங்களை எண்ணுகிறவருக்கு இரண்டும் ஒன்று. என் அளவுகோலில் முதலாவது எங்கோ, இரண்டாவது எங்கோ.

யார் செலவு என்ற டீச்சரின் கேள்வியையும், யாரை நோக்கி என்ற முட்டத்து நண்பரின் கேள்வியையும் என் மதிப்பெண் அட்டவணையில் தனித்தனிப் பத்திகளாகவே சேர்த்துக்கொள்கிறேன். சட்டம் இருப்பதற்கென்று மதிப்பெண் தரச் சொன்னால் மட்டும் என்னால் முடியாது.

தக்கலை வழக்கறிஞர்:
இருப்பதற்காகத் தர வேண்டாம். ஒரு சாதாரணக் குடிமகள் அந்தச் சட்டத்தை வைத்து அரசின் மீதே வழக்குப் போட முடியுமா, போட்டால் நீதிமன்றம் அதை ஏற்குமா என்பதற்கு ஒரு பத்தி வையுங்கள். அதற்குச் செலவைவிடக் குறைந்த மதிப்பெண் என்றால் நான் ஒப்பமாட்டேன்.

நாஞ்சில் கணக்கர்:
பத்தி வைக்கிறேன். சம மதிப்பெண் தரமாட்டேன். தீர்ப்பு வரப் பதினைந்து ஆண்டு ஆகும் நாட்டையும், ஓராண்டில் வரும் நாட்டையும் அது ஒன்றாக்கிவிடும்.